மீனம்பாக்கத்தில் இறங்கியாச்சு, ஊருக்குள் எதில் போவது? மெட்ரோ, லோக்கல், டாக்ஸி, பஸ்

#1 மஞ்சப்பை

சென்னை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக எது சரி என்று தேடினால் பத்து வருஷத்துக்கு முந்தைய பதில்களே வருகின்றன. பாதிப் பதில்களில் மெட்ரோவே இல்லை. மீதியில் எல்லா ஊர் பஸ்ஸுக்கும் கோயம்பேடு போகச் சொல்கிறார்கள். இப்போதைய நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேள்வி இரண்டு.

அ) பெரியவர்கள் இருவர், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். 23 கிலோ பெட்டி நான்கு. பன்னாட்டு விமானம், அதிகாலை 3.20-க்குத் தரையிறங்கும். அன்று மதியம் எழும்பூரில் மதுரைக்கு ரயில்.

ஆ) தனி ஆள், முதுகுப்பை ஒன்று. உள்நாட்டு விமானம், இரவு 9.30. மண்ணடியில் லாட்ஜ்.

'அ'வில் காசைவிட அலைச்சல் குறைவதுதான் முக்கியம். 'ஆ'வில் காசு முக்கியம்.

#2 நீலத்தடம்

'ஆ' சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். மெட்ரோதான். நீலத் தடம் விமான நிலையத்தில் தொடங்கி ஆலந்தூர், கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை, சென்ட்ரல், உயர் நீதிமன்றம் வழியாக மண்ணடிக்கே போகிறது. வண்டி மாற வேண்டாம்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10 ரூபாயிலிருந்து 50 வரை. சென்ட்ரலுக்கு 40, 21 கிலோமீட்டரைத் தாண்டினால் 50. க்யூஆர் டிக்கெட்டோ கார்டோ இருந்தால் 20 சதவீதம் கழிவு, அதாவது சென்ட்ரலுக்கு 32 ரூபாய். க்யூஆரை மெட்ரோ செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ எடுக்கலாம். பழைய மெட்ரோ கார்டுக்கு 2025 ஆகஸ்ட் முதல் ரீசார்ஜ் நிறுத்திவிட்டார்கள். இப்போது சிங்காரச் சென்னை அட்டைதான். ஒரே ஒரு பயணத்துக்கு அட்டை வாங்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது நேரம். காலை 5 மணிக்கு முதல் வண்டி, இரவு 11-க்குக் கடைசி. இரவு 10-க்கு மேல் 15 நிமிடத்துக்கு ஒன்றுதான். 9.30-க்குத் தரையிறங்கும் விமானம் ஓடுபாதையிலிருந்து வந்து நின்று கதவு திறக்க 9.45 ஆகும். பெல்ட்டில் பெட்டி எடுக்க வேண்டாம் என்பதால் 10 மணிக்கு வெளியே வந்துவிடலாம். மேல்தள நடைபாதை வழியாக மெட்ரோவுக்கு 10 நிமிடம். நிலைய வாசலில் பை எக்ஸ்ரேவுக்குள் போய்வர வேண்டும். 10.30-க்குள் வண்டியில் உட்கார்ந்திருப்பார். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் இந்தக் கணக்கு மொத்தமும் உடைந்துவிடும். அதற்கு மாற்று வழி கையில் இருக்கட்டும்.

#3 பரங்கிமலை ஸ்லோ

மாற்று வழி எதிரிலேயே இருக்கு. திரிசூலம் ஸ்டேஷன். ஏர்போர்ட் வாசல்ல தாம்பரம் பக்கம் போற ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அடியில் சுரங்கப்பாதையில் கடந்து போகணும். பீச் போற லோக்கல் எடுத்து கடைசி வரைக்கும் உட்கார்ந்தா கடற்கரை ஸ்டேஷன். அங்கேயிருந்து மண்ணடி பக்கம்தான், குறைஞ்ச தூர ஆட்டோ. டிக்கெட் 5 ரூபாய், தூரம் கூடினா 10. மெட்ரோ முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரத்துக்கு லோக்கல் இருக்கும். காலையிலும் மெட்ரோவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே, 4 மணியை ஒட்டி ஆரம்பிச்சிடும்.

மெட்ரோ வந்ததிலிருந்து இந்த ஸ்டேஷனை எல்லாரும் மறந்துட்டாங்க. ஆனா எழும்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் போறவங்களுக்கு இன்னைக்கும் இதுதான் நேர் வழி. மெட்ரோவில் எழும்பூர் போகணும்னா வண்டி மாறணும். லோக்கல்ல மாற வேண்டாம்.

#4 நீலத்தடம்

பரங்கிமலை சொல்வது எழும்பூரைப் பொறுத்தவரை சரி. எழும்பூர் பச்சைத் தடத்தில் இருக்கிறது. இரண்டு வழி: ஆலந்தூரில் இறங்கிப் பச்சைக்கு மாறி அசோக் நகர், கோயம்பேடு, அண்ணா நகர் எல்லாம் சுற்றிப் போவது. அல்லது நீலத்திலேயே சென்ட்ரல் வரை போய், அங்கே மாறி ஒரே ஒரு நிலையம் பின்னால் வருவது. மூட்டை அதிகமிருந்தால் இரண்டாவது. சென்ட்ரலில் மாறிய பிறகு நிற்க வேண்டியது ஒரு நிலையத்துக்கு மட்டும்தான், ஆலந்தூரில் மாறினால் அரை மணி நேரம் நிற்க வேண்டி வரலாம்.

லோக்கலில் இன்னொரு வசதியும் உண்டு. புறநகர் நடைமேடையும் வெளியூர் ரயில் நடைமேடையும் ஒரே எழும்பூர் நிலையத்துக்குள் இருப்பதால் மேம்பாலம் ஏறி இறங்கினால் போதும்.

ஆனால் 'அ'வுக்கு இது எதுவும் ஆகாது. காரணம் வண்டியல்ல, பெட்டி தூக்க ஆள் இல்லாததுதான். நான்கு பெட்டிக்கு எழுபது வயதுக்காரர்கள் இரண்டு பேர். விமான நிலையத் தள்ளுவண்டி மேடை வரை வராது. லோக்கல் ஒரு நிலையத்தில் நிற்பது அரை நிமிடம்தான். முதல் இரண்டு பெட்டியை ஏற்றுவதற்குள் வண்டி கிளம்பும்.

#5 இரவு வண்டி

'அ'வுக்கு டாக்ஸிதான், அதில் விவாதமே வேண்டாம். ஆனால் எந்த டாக்ஸி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம் டிக்கி. சென்னையில் ஓடும் செடான் டாக்ஸிகளில் நிறைய சி.என்.ஜி. சிலிண்டர் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். 23 கிலோ பெட்டி ஒன்று உள்ளே போகும், அழுத்தினால் இரண்டு. மூன்றாவது முன் சீட்டில், நான்காவது பெரியவர் மடியில். அதனால் செயலியில் 'செடான்' போடாதீர்கள், ஆறு ஏழு பேர் உட்காரும் வண்டியாகப் போடுங்கள். அதிலும் சி.என்.ஜி. எர்டிகா வந்தால் பின்வரிசை சீட்டை மடிக்கச் சொல்ல வேண்டும். இன்னோவா வந்தால் கவலை இல்லை. ப்ரீபெய்டு கவுண்டர் என்றால் 'நாலு பெரிய பெட்டி' என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள். சீட்டுப் போட்ட பிறகு வண்டி மாற்ற வாக்குவாதம்தான் மிச்சம்.

இரண்டாவது, எங்கே ஏறுவது. செயலி டாக்ஸி டெர்மினல் வாசலுக்கு வராது. அடுக்குமாடி கார் நிறுத்தத்துக்குள், எல்லோரும் எம்.எல்.சி.பி. என்று சொல்கிற கட்டடத்துக்குள்தான் ஏற வேண்டும். பெட்டிகளோடு அங்கே வரை நடக்க வேண்டும். பேட்டரி வண்டி ஓடுகிறது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விமானம் இறங்கினால் அதற்கே வரிசை. புக் செய்வதற்கு முன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வெளி வாசலில் நின்றுகொண்டே புக் செய்து, வண்டி வந்து காத்திருப்புக் கட்டணம் ஏறி, ஓட்டுநர் ரத்து செய்து, இன்னொரு வண்டி தேடி என்று அரை மணி நேரம் போய்விடும். ஓட்டுநர் போன் செய்தால் எந்தத் தளம், எந்த வரிசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூணில் எழுதியிருக்கும்.

மூன்றாவது, ப்ரீபெய்டு கவுண்டர் வருகைக் கூடத்துக்குள்ளேயே இருக்கும். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எனவே வெளியே வருமுன் முடிவெடுங்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டு சிம் வேலை செய்யாமல், இன்டர்நெட் இல்லாமல் தவிப்பவர்களுக்கு இதுதான் நல்லது. சீட்டில் வண்டி எண், போகும் இடம், தொகை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டை இறங்கும் இடம் வந்த பிறகு கொடுத்தால் போதும்.

வாசலில் 'டாக்ஸி வேணுமா சார்' என்று பெட்டியில் கை வைப்பவர்களை ஒரு வார்த்தை பேசாமல் கடந்துவிடுங்கள்.

#6 மஞ்சப்பை

சிலிண்டர் விஷயம் யோசிக்கவே இல்லை. நன்றி. எழும்பூர் வரை சுமார் எவ்வளவு ஆகும்? டோல் என்று தனியாகக் கேட்பார்களாமே?

#7 இரவு வண்டி

தூரம் சுமார் 18 கிலோமீட்டர். கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும், அதனால் ஒரே எண் சொல்லிப் பயனில்லை. இரண்டு செயலியைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள், ப்ரீபெய்டு பலகையையும் பாருங்கள். அதிகாலையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். மழை நாளிலும் மாலை நெரிசலிலும் செயலி எகிறும், ப்ரீபெய்டு அப்படியே இருக்கும். அப்போது கவுண்டர்தான் மலிவு.

விமான நிலையத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் சுங்கச்சாவடி எதுவும் கிடையாது. உள்ளே வண்டி நின்றதற்கான பார்க்கிங் கட்டணம் இருக்கும். அது பில்லில் சேர்ந்து வருகிறதா, தனியா என்று ஏறும்போதே கேட்டுக்கொண்டால் முடிந்தது. 'டோல்' என்று யாராவது கேட்டால் எந்தச் சாவடி என்று கேளுங்கள், பேச்சு அத்தோடு நிற்கும்.

அதிகாலை 4.30-க்குக் கிளம்பினால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் எழும்பூர். அதே சாலை காலை 9 மணிக்கு வேறு கதை. கத்திப்பாரா, கிண்டி, சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் மூன்றும் கழுத்தைப் பிடிக்கும். தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை உயர்மட்டச் சாலை வேலை 2024 தொடக்கத்தில் ஆரம்பித்ததிலிருந்து அண்ணா சாலையில் அந்த மூன்று கிலோமீட்டர் தனிக் கணக்கு.

#8 பல்லாவரம் சந்தை

எல்லாரும் எழும்பூருக்கு எப்படிப் போறதுன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. அவங்க எதுக்கு எழும்பூர் போகணும்?

மதுரைப் பக்கம் போற ரயில் பெரும்பாலும் தாம்பரத்தில் நிக்கும். தாம்பரம் ஏர்போர்ட்டுக்குத் தெக்கே, திரிசூலத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன்: பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். 18 கிலோமீட்டர் வடக்கே போய், அதே தண்டவாளத்தில் திரும்ப ஏர்போர்ட் எதிரிலேயே தெக்கே வர்றது என்ன கணக்கு? டாக்ஸி காசும் பாதிக்குக் கீழே.

#9 நீலத்தடம்

இதுதான் சரியான கேள்வி. நான் முதல் பதிலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, அந்த ரயில் தாம்பரத்தில் நிற்கிறதா என்று டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இரண்டு, ஏறும் நிலையத்தை முன்கூட்டியே தாம்பரம் என்று மாற்றிவிட வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கிலேயே செய்யலாம். மாற்றாமல் தாம்பரத்தில் போய் நின்றால், எழும்பூரில் ஆள் வரவில்லை என்று பரிசோதகர் குறித்து இடத்தை ஆர்.ஏ.சி.-யில், அதாவது முழுப் படுக்கை உறுதியாகாமல், இருப்பவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

#10 இரவு வண்டி

தாம்பரம் யோசனை நல்லதுதான், ஆனால் ரயில் மதியம். விமானம் 3.20. குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம். 5 மணிக்கு வெளியே வருகிறார்கள். நடுவில் ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது. நடைமேடை பெஞ்சில் நாலு பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு எழுபது வயதுக்காரர்கள் உட்கார முடியுமா?

எழும்பூரில் கென்னட் சந்து முழுக்க லாட்ஜ், ஸ்டேஷனுக்கு எதிரிலேயே. ஸ்டேஷனுக்குள் பொருள் வைப்பறை இருக்கிறது, பெட்டி பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள். உறுதியான டிக்கெட் இருந்தால் ஓய்வறை கிடைக்கிறதா என்றும் பார்க்கலாம். எழும்பூருக்கு என்று ஒரு நியாயம் இருக்கிறது.

#11 பல்லாவரம் சந்தை

லாட்ஜ் எழும்பூரில் மட்டும்தான் இருக்கா? ஏர்போர்ட்டிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையா இருக்கு. ராத்திரி ஃப்ளைட்டில் வர்றவங்களை நம்பித்தான் அது ஓடுது. செக்-இன் நேரத்தை மட்டும் முன்னாடியே போன்ல பேசிக்கணும். பகல் 12-லிருந்து 12 கணக்குன்னு சொல்ற இடத்தில் காலை 5 மணிக்குப் போனா ரெண்டு நாள் வாடகை. 24 மணி நேரக் கணக்கா, அதிகாலை வந்தா தருவாங்களா, லிஃப்ட் இருக்கா, இந்த மூணும் கேளுங்க.

அறை தாம்பரம் ஸ்டேஷன் பக்கமாவே இருந்தா மதியம் இன்னொரு டாக்ஸியும் குறைஞ்ச தூரம்தான். பெட்டிக்கு ஸ்டேஷனில் போர்ட்டர் பிடிச்சுக்குங்க, கோச் எங்கே நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். தாம்பரத்தில் எழும்பூர் மாதிரி கால் மணி நேரம் முன்னாடியே வந்து வண்டி நிக்காது. அதனால கோச் நிக்கிற இடத்தில் முன்னாடியே தயாரா இருக்கணும்.

#12 கூடுவாஞ்சேரி டைம்கீப்பர்

பஸ் பற்றி யாரும் பேசாததால் நான். இன்று அதிகம் பேர் செய்யும் தப்பு கோயம்பேடு.

திருச்சி, மதுரை, நெல்லை, கன்னியாகுமரி என்று தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. 2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறந்தார்கள். பழைய நினைப்பில் ஏர்போர்ட்டில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, கோயம்பேட்டில் இறங்கி, அங்கே 'இங்கே இல்லை' என்று கேட்டு, திரும்ப 30 கிலோமீட்டர் கிளாம்பாக்கம் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும் வழியில் ஏர்போர்ட்டையே கடந்துதான் போகிறார்கள். வேலூர், பெங்களூரு என்று பூந்தமல்லி வழியாகப் போகும் வண்டிக்குக் கோயம்பேடு. ஆந்திரா பக்கம் மாதவரம்.

மெட்ரோ ஏர்போர்ட்டுக்குத் தெற்கே போகாது. கிளாம்பாக்கத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்துதான். எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் முக்கியம். விமான நிலையத்தை ஒட்டிய பக்கம் ஊருக்குள் போகும் பக்கம்: கிண்டி, சைதாப்பேட்டை, பாரிமுனை வண்டி அங்கே. தாம்பரம், கிளாம்பாக்கம் வண்டி திரிசூலம் ஸ்டேஷன் பக்கம். சுரங்கப்பாதையில் கடந்து அந்தப் பக்கம் நில்லுங்கள். நடுச்சுவர் தாண்டிக் குதிக்காதீர்கள்.

சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மற்றவர்களுக்குக் குறைந்தபட்சம் 5 ரூபாய். ஏசி, டீலக்ஸ் வண்டியில் எல்லோருக்கும் டிக்கெட். பெரிய பெட்டி இருந்தால் தாழ்தள வண்டி வரும்வரை காத்திருக்கலாம், படி ஏற வேண்டாம்.

#13 அமிஞ்சிக்கரை

நல்ல இழை. பெயர்க் குழப்பத்தையும் சேர்த்துவிடலாம், வெளியூர்க்காரர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட் என்று ஊரே சொல்கிறது. ஆனால் மெட்ரோவில் 'மீனம்பாக்கம்' என்பது ஏர்போர்ட்டுக்கு முந்தைய நிலையம். ஊருக்குள்ளிருந்து வருபவர் அங்கே இறங்கிவிட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். லோக்கலிலும் மீனம்பாக்கம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு இறங்க வேண்டியது அதற்கு அடுத்த திரிசூலம்.

கோயம்பேடு என்று மெட்ரோ செயலியில் தேடினால் கோயம்பேடு நிலையம் வரும். பேருந்து நிலையத்துக்கு நேராக இறங்க வேண்டியது அதற்குப் பக்கத்து நிலையம், முன்பு சி.எம்.பி.டி. என்று இருந்தது. 2020-இல் அதற்குப் புரட்சித் தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா பெயர் வைத்தார்கள். சென்ட்ரல் நிலையம் எம்.ஜி.ஆர். பெயரில், ஆலந்தூர் அண்ணா பெயரில் இருக்கிறது. பட்டியலில் 'சென்ட்ரல்' காணோம் என்று பதற வேண்டாம்.

பாரிமுனைக்கு 'பாரிஸ்' என்று எந்த நிலையமும் இல்லை. உயர் நீதிமன்றம் என்று எடுங்கள்.

#14 ரங்கநாதன் தெரு 2

தி.நகருக்கு? மெட்ரோவில் நந்தனம், தேனாம்பேட்டை என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

#15 பரங்கிமலை ஸ்லோ

ரெண்டும் அண்ணா சாலையில் இருக்கு. தி.நகர் உள்ளே போக அங்கேயிருந்து ஆட்டோ பிடிக்கணும். கடைத்தெருவுக்குத்தான் போறீங்கன்னா திரிசூலத்தில் லோக்கல் ஏறி மாம்பலத்தில் இறங்குங்க. இறங்கினதும் ரங்கநாதன் தெரு. கூட்டத்துக்குள்ள பெட்டி இழுக்க முடியாதுன்னா 2023-ல திறந்த ஆகாய நடைபாலம் இருக்கு. ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 570 மீட்டர், தலைக்கு மேலேயே போயிடலாம்.

லோக்கலுக்குச் சில குறிப்பு:

காலை 8-லிருந்து 10 வரை பீச் பக்கம் போற வண்டியில் பெட்டியோட ஏறாதீங்க. சாயங்காலம் அதுக்கு நேர் எதிர், தாம்பரம் பக்கம் போறது பிதுங்கும். ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் வர்றவங்களுக்குச் சாயங்கால லோக்கல் காத்தாடும், ரோடுதான் நெரியும். இதை யாரும் கவனிக்கிறதில்லை.

டிக்கெட்டை மொபைலில் எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள் ஏறணும். ப்ளாட்ஃபாரத்தில் நின்னுக்கிட்டு எடுக்க விடாது, ஸ்டேஷனுக்கு வெளியே நின்னு எடுங்க. இல்லைன்னா ஸ்டேஷனில் ஒட்டியிருக்கிற க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க. முதல் வகுப்புப் பெட்டியில் தெரியாம ஏறிட்டா 250 ரூபாய் அபராதம், அது போக கட்டண வித்தியாசம். கதவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறதைப் பார்த்து ஏறுங்க.

ஞாயித்துக்கிழமை நம்பாதீங்க. பராமரிப்பு வேலைன்னு பல வண்டி ரத்தாகும், முதல் நாள் செய்தியில் வரும். ஞாயிறுன்னா மெட்ரோ.

#16 துரைப்பாக்கம் லேன்

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) போகிறவர்களுக்கு ஒரு வரி. ஊருக்குள் போகும் எதிலும் ஏறாதீர்கள். டாக்ஸியில் பல்லாவரம் வந்து 200 அடி ரேடியல் சாலை பிடித்தால் நேராகத் துரைப்பாக்கம். கிண்டி, அடையாறு சுற்றினால் நேரமும் காசும் வீண்.

#17 நீலத்தடம்

ஊரிலிருந்து விமான நிலையம் போகும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. காலை மாலை நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே மட்டும் ஓடும் கூடுதல் வண்டிகள் உண்டு. அவை ஆலந்தூரோடு திரும்பிவிடும். மேடைப் பலகையில் 'விமான நிலையம்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். தெரியாமல் ஏறிவிட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆலந்தூரில் இறங்கி அடுத்த வண்டி பிடிக்கலாம். ஆறேழு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் எது என்று யாரும் கேட்கவில்லை, நவம்பர் டிசம்பரில் வருபவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். சாலையில் முதலில் சுரங்கப்பாதைகள் மூழ்கும். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை நின்றுவிட்டால் மேற்கு மாம்பலம் டாக்ஸி சுற்றிக்கொண்டுதான் வரும். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் லோக்கலும் நிற்கும். மெட்ரோ பாலத்திலும் சுரங்கத்திலும் ஓடுவதால் கடைசி வரை தாக்குப்பிடிப்பது அதுதான். ஆனால் நிலையத்துக்கு வெளியே முழங்கால் தண்ணீர் இருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த அளவுக்குப் போனால் எந்த வண்டி என்ற கேள்வியே எழாது.

#18 கத்திப்பாரா சுத்து

ஆட்டோவை விட்டுட்டீங்களே. டெர்மினல் வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு கிடையாது, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வெளியே வரணும். 2013-ல் அரசு போட்ட கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12, ராத்திரி ஒன்றரை மடங்கு. அந்தக் காசுக்கு மீட்டர் போடுற வண்டியை நீங்க பார்த்தா இங்கே போட்டோ போடுங்க. செயலியில் ஆட்டோ புக் பண்றதுதான் நடைமுறை. எங்கே ஏறணும்னு மேப்பில் காட்டுற குறியைச் சரியா ரோட்டோரத்தில் வைங்க, டெர்மினலுக்குள் வெச்சா வண்டி வராது. நங்கநல்லூர், பல்லாவரம், வேளச்சேரி வரைக்கும் ஆட்டோ சரி. எழும்பூர் வரைக்கும் ஆட்டோவில் போறது டாக்ஸி காசுக்குப் புகை குடிக்கிறது.

#19 மஞ்சப்பை

எல்லோருக்கும் நன்றி. முடிவு இப்படி:

அ) தாம்பரம். டிக்கெட்டில் பார்த்துவிட்டேன், அந்த ரயில் தாம்பரத்தில் நிற்கிறது. ஸ்டேஷன் பக்கம் 24 மணி நேரக் கணக்கில், லிஃப்ட் உள்ள அறை. வருகைக் கூடத்திலேயே ப்ரீபெய்டில் பெரிய வண்டி. விமான நிறுவனத்தில் சக்கர நாற்காலி இரண்டு கேட்டிருக்கிறேன்.

ஆ) மெட்ரோ, மண்ணடி. விமானம் தாமதமானால் திரிசூலம், பீச் லோக்கல், ஆட்டோ. அதுவும் தவறினால் டாக்ஸி.

#20 இரவு வண்டி

சக்கர நாற்காலி நல்ல வேலை. குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டியது குறையும். தள்ளிக்கொண்டு வருபவரை வண்டி ஏறும் இடம் வரை வரச் சொல்லுங்கள், வாசலிலேயே விட்டுவிட வேண்டாம். இரண்டு நாற்காலிக்கு இரண்டு ஆள் வருவார்கள், பெட்டித் தள்ளுவண்டிக்கு மூன்றாவது ஆள் வேண்டும். அதையும் யோசித்து வையுங்கள்.

#21 பல்லாவரம் சந்தை

ஒரு விஷயம் மட்டும். ஏறும் இடத்தைத் தாம்பரம்னு மாத்திட்டா, அப்புறம் மனசு மாறி எழும்பூரில் போய் ஏற முடியாது. அந்த உரிமை போயிடும். அறை உறுதியான பிறகு மாத்துங்க.